தாளக்காரர் பதில்கள்: பான்ஹமின் ஒற்றைக் கால்

போன மாதம் இந்தப் பகுதியில், லெட் ஸெப்பலின் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பான்ஹம் பெயரைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். பாராட்டாகவும் திட்டாகவும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. சரி, இந்த மாதம் முழுக்க அவரே இருக்கட்டும்.

என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான். ஆறு மாதமாக லெட் ஸெப்பலின் பைத்தியம். சாப்பாட்டு மேசை, பள்ளிப்பை, என் இட்லிப் பானை மூடி, எல்லாமே அவனுக்கு டிரம்ஸ். நான் சின்ன வயதில் நான்கு வருடம் மிருதங்கம் கற்றவள். என் காதுக்கு அந்த பான்ஹம் பலமாக அடிக்கிறார், அவ்வளவுதான். இதில் அப்படி என்ன கலை?
— ஓர் அம்மா, ஈசூன்

மிருதங்கம் கற்றவரா? அப்படியானால் என் வேலை பாதி முடிந்தது.

பலமாக அடிப்பார் என்பதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலான டிரம்ஸ் செட்டில் காலால் அடிக்கும் பேஸ் டிரம் 22 அங்குலம். அவருடையது 26. ஆனால், அம்மா, இன்று இரவு மகனிடம் 'காஷ்மீர்' பாட்டைப் போடச் சொல்லுங்கள். 1975-இல் வந்தது. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கித்தார் மூன்று மூன்றாக ஏறிக்கொண்டே போகும். பான்ஹம் அதன் பின்னால் ஓடமாட்டார். நாலு நாலாக, ஊரில் நெல் குத்துவதுபோல நிதானமாகப் போட்டுக்கொண்டிருப்பார். கித்தார் நான்கு சுற்றும் டிரம்ஸ் மூன்று சுற்றும் முடிகிற இடத்தில், அதாவது 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை, இரண்டும் ஒரே முதல் அடியில், நம் சமத்தில், வந்து உட்காரும். உங்கள் குரு ரூபக தாளத்தையும் ஆதி தாளத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கையிலும் போடச் சொல்லி உங்களை அழவைத்திருந்தால், நான் சொல்வது புரியும்.

எனக்கே இது புரியத் தாமதமானது. 1981-இல், தேசிய சேவை முடித்த கையோடு, ஒரு சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சியில் வாசித்தேன். பான்ஹம் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அஞ்சலி என்று நினைத்துக்கொண்டு, மெல்லிசைப் பாட்டு ஒன்றுக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கும்படி அடித்தேன். கீபோர்டு வாசித்த அண்ணன், எங்கள் குழுத் தலைவர், இடைவேளையில் கோப்பிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, "தம்பி, நீ அடித்தது நன்றாகக் கேட்டது. பாட்டுதான் கேட்கவில்லை" என்றார்.

அன்றிரவு வீட்டுக்குப் போய் லெட் ஸெப்பலின் கேசட்டை மறுபடி போட்டேன். பாடகர் வாயைத் திறக்கும் இடங்களில் பான்ஹம் என்ன செய்கிறார் என்று மட்டும் கவனித்தேன். ஒன்றும் செய்யவில்லை! காலில் பூம், கையில் டக், அவ்வளவே. ஒவ்வொரு 'டக்'கும் ஒரு மயிரிழை தாமதமாக, சோம்பல் முறித்துக்கொண்டு வருவதுபோல வந்து விழும். பாட்டுக்கு அந்த கனம் வருவது அந்த மயிரிழையில். நான் அதைக் கைப்பலம் என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன்.

இட்லிப் பானை மூடியைப் பற்றி: இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் ஐந்து வயதுப் பையனாகத் தகர டின்களைத் தட்டித்தான் அவரும் தொடங்கினார். பத்து வயதில் அவருடைய அம்மா ஒரு ஸ்னேர் டிரம், அதாவது 'டக்' என்று ஒலிக்கும் சின்ன டிரம், கொடுத்தார். முழு செட் கிடைத்தது 15 வயதில்தான். மூடிக்குப் பதில் ஒரு ரப்பர் பயிற்சிப் பேடு வாங்கிக் கொடுங்கள், இட்லியாவது தப்பிக்கும். இரவு பத்தரைக்கு மேல் அதையும் தட்டவேண்டாம். வீவக அடுக்குமாடி வீட்டில் கீழ்மாடிக்காரரின் தூக்கம் நமக்கு முக்கியம்.

லெட் ஸெப்பலின் எப்போதாவது சிங்கப்பூரில் வாசித்ததுண்டா?
— தோ பாயோ வாசகர்

இல்லை. 1972 பிப்ரவரியில், ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முன் இங்கே வாசிக்க இருந்தார்கள். தலைமுடி நீளம் என்று உள்ளே விடவில்லை. அந்தக் காலத்தில் அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டே அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்: நீளமுடி ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று. முன்முடி புருவத்தைத் தொட்டாலே நீளமுடிதான். எனக்கு அப்போது 14 வயது. அப்பா என்னை ஓர் ஞாயிறு விடாமல் சிராங்கூன் சாலை முடிதிருத்தும் கடைக்கு இழுத்துப் போவார். பான்ஹமும் என்னோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தால் நிகழ்ச்சி நடந்திருக்கும்.

வாடகை ஸ்டூடியோவில் எட்டு மைக் வைத்து டிரம்ஸ் பதிவு செய்தேன். அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல இருக்கிறது. லெட் ஸெப்பலினின் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டில் டிரம்ஸ் ஓசை எப்படி வந்தது?
— பொங்கோல் இளைஞர்

இரண்டு மைக்கில் வந்தது, தம்பி.

1971. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீடு. 18-ஆம் நூற்றாண்டில் ஏழைகளைத் தங்கவைக்கக் கட்டியது. பான்ஹமின் டிரம்ஸை வாசல் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு மைக்கை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டார். பேஸ் டிரம்முக்கென்று தனி மைக் வைக்கவில்லை. அப்புறம் அந்த ஒலியை, பெரிய சத்தமும் சின்னச் சத்தமும் நெருங்கி வரும்படி நன்றாக அமுக்கி, பின்ஸன் என்ற எதிரொலிக் கருவி வழியாக அனுப்பினார். நாம் கேட்பது பாதி டிரம்ஸ், பாதி படிக்கட்டு. 1986-இல் பீஸ்டி பாய்ஸ் என்ற அமெரிக்க ராப் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தைத் தொடங்கியதே இந்த அடியை அப்படியே எடுத்துப் போட்டுத்தான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு உங்கள் புளோக் படிக்கட்டில் டிரம்ஸைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். ஸ்டூடியோவில் ஆறு மைக்கை எடுத்துவிட்டு, மிச்சம் இரண்டைத் தள்ளி உயரத்தில் வையுங்கள். இன்னொன்று: மைக் தூரத்தில் இருந்தால் கையின் சமன்தான் பதிவாகும். சிம்பல் என்ற உலோகத் தட்டை ஓங்கி அடித்தால் மற்றதெல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். பான்ஹமுக்கு அந்தச் சமன் கையிலேயே இருந்தது, ஒலிக்கலவை மேசையில் யாரும் செய்து தரவில்லை.

குடித்தே செத்த மனிதரை மேதை என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
— பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்

நடந்ததை மறைக்காமல் காட்டலாம். 1980 செப்டம்பர் 24, அமெரிக்கப் பயணத்துக்கான ஒத்திகை நாள். காலையிலிருந்தே வோட்கா. கிட்டத்தட்ட 40 சிறு கிளாஸ் அளவு குடித்திருந்தார் என்று விசாரணையில் வந்தது. அன்றிரவு குழுவின் கித்தார் கலைஞர் ஜிம்மி பேஜ் வீட்டில் தூங்கப் போனவர், தூக்கத்திலேயே வாந்தி மூச்சை அடைத்து இறந்தார். வயது 32. அவர் இல்லாமல் தொடரமாட்டோம் என்று டிசம்பரில் குழுவையே கலைத்துவிட்டார்கள். அப்போது அவர் மகன் ஜேசனுக்கு 14 வயது. 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் மீதி மூவரும் ஒரே ஓர் இரவுக்கு ஒன்றுசேர்ந்தபோது, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தவர் அந்த ஜேசன். இவ்வளவையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மேதை என்ற சொல்லை அதற்காக நான் திரும்ப வாங்கமாட்டேன்.

சார், இரண்டு காலாலும் பேஸ் டிரம் அடிக்க உதவும் இரட்டைப் பெடல் இல்லாமல் வேகமாக அடிக்க முடியாது என்று எவ்வளவோ சொல்லியும் அம்மா வாங்கித் தரமாட்டேன் என்கிறார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
— உயர்நிலை 2 மாணவன், ஈசூன்

இந்தக் கடிதமும் முதல் கடிதமும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தம்பி, 1969-இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் குதிரை ஓடுவதுபோலப் பேஸ் டிரம் வரும் இடம் உனக்கு மனப்பாடமாக இருக்கும். அது ஒரே கால், ஒரே பெடல். 'தகிட' என்று சொல்லிப் பார். 'த' கைக்கு, 'கிட' காலுக்கு. குதிகாலை இறக்கிவைத்தால் வராது, பாதத்தின் முன்பகுதி பெடலில் லேசாக முன்னால் வழுக்கவேண்டும். முதலில் மெதுவாக, சுவர்க்கடிகார முள்ளுக்கு ஒரு 'தகிட' என்று வைத்துக்கொள். வாய் சொல்வதைக் கால் கேட்கிறதா என்று அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோதி. நான்கு வருடம் மிருதங்கம் கற்றவர், தப்பினால் உடனே பிடித்துவிடுவார்.

அது வந்தபிறகு இரட்டைப் பெடலுக்கு மறுபடி எழுது.