ஃபயர்வால் பெட்டி மாட்டுவதெல்லாம் ஒரு வேலையா அக்கா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்ட தங்கச்சிக்கு. பையன் மெட்ரிக் (பள்ளிக் கடைசி வகுப்பு) முடித்துவிட்டான், நீங்களும் வீட்டுக்காரரும் அவனை அக்கவுண்டிங் படிப்பில் சேர்க்க நினைத்திருக்கிறீர்கள், அவனோ கிளை அலுவலகங்களுக்கு ஃபயர்வாலும் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டுகிற காவல் பெட்டி) விபிஎன்னும் (இன்டர்நெட் வழியாகவே இரண்டு அலுவலகங்களைப் பூட்டிய பாதையில் இணைப்பது) போட்டுத் தருகிற ஒரு சின்னக் கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். 'கடைசியில் ஒயர் இழுக்கிற வேலைதானே' என்று கேட்டிருந்தீர்கள். ஒயரும் இழுப்பான், முதல் வருஷம் பெரும்பாலும் அதுதான். ஆனால் பிற்பாடு வரும் நல்ல சம்பளம் அந்த ஒயருக்காக இல்லை.

டர்பனில் தலைமை அலுவலகம், லேடிஸ்மித்திலும் நியூகாசிலிலும் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளையில் ஐடி ஆள் யாரும் கிடையாது, கவுன்டரில் இருக்கிற பெண்ணிடம் 'பச்சை விளக்கு எரிகிறதா பாரும்மா' என்று போனில் கேட்டே பாதி வேலையை முடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் கடையில் வாங்கிய ரவுட்டரை அப்படியே மாட்டி 192.168.1 என்ற ஒரே முகவரி வரிசையில் விட்டிருந்தால், விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் எந்த முகவரி எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு ஃபைலும் திறக்காது. ஃபைபர் இணைப்பு அறுந்து சிம் கார்டுக்கு மாறினால் பெரும்பாலும் கிளைக்குச் சொந்தமான பொது ஐபி (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய இன்டர்நெட் முகவரி) இருக்காது, அதனால் கிளைதான் டர்பனை அழைக்கும்படி முன்கூட்டியே அமைக்க வேண்டும். லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) காலத்தில் ஃபயர்வாலுக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு பக்கத்தில் இருக்கிற ஃபைபர் பெட்டியை மறந்தவர்களை எண்ணி மாளாது.

பெட்டி வாங்கிக் கொடுப்பதிலும் விவரம் வேண்டும். விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிட்ட வேகம் வெறும் ஃபயர்வால் வேகம், வைரஸ் சோதனையெல்லாம் போட்டுவிட்டால் கிடைக்கிற வேகம் அதைவிட எவ்வளவோ குறைவு, அது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். ஃபோர்ட்டிகேட் மாதிரிப் பெட்டிக்கு அந்தச் சோதனைகள் ஓட வருஷச் சந்தா கட்ட வேண்டும். மைக்ரோடிக் என்கிற இன்னொரு கம்பெனிப் பெட்டி மலிவு, வருஷச் சந்தாவும் இல்லை, ஆனால் தெரிந்த ஆள் கூடவே இருக்க வேண்டும். அந்த ஆளாகத்தான் உங்கள் பையன் ஆகப் போகிறான்.

மாட்டிய பிறகுதான் உண்மையான வேலை. ஃபோர்ட்டிகேட்டைச் செய்கிற ஃபோர்ட்டிநெட்டின் விபிஎன்னில் இருந்த ஒரு ஓட்டைக்கு 2019லேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கிற திருத்தம்) வந்துவிட்டது, ஆனாலும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 பெட்டிகளின் பாஸ்வேர்டுகள் வெளியே வந்தன. பேட்ச் போடாதவர்கள் மட்டுமில்லை, போட்டுவிட்டுப் பழைய பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

நானும் இந்த ஆலோசனை வேலைக்கு வரும்முன் சில வருஷம் அந்தத் தொழிலில் இருந்தவள்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் டர்பனில் உட்கார்ந்துகொண்டு நியூகாசில் பெட்டியில் ஒரே ஒரு விதியை மாற்றினேன், நுனிமரத்தில் இருந்து அடிமரத்தை வெட்டின கதையாக நான் உள்ளே போகிற வழியையே அடைத்துவிட்டேன். சனிக்கிழமை விடியற்காலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போய் சரிசெய்தது ஐந்தே நிமிஷத்தில். மைக்ரோடிக்கில் 'சேஃப் மோட்' என்று ஒன்று உண்டு, இணைப்பு அறுந்தால் செய்த மாற்றத்தைத் தானே திருப்பிவிடும். அன்றைக்கு நான் அதை அழுத்தவில்லை.

அதனால் எந்தக் கோர்ஸுக்கும் உடனே பணம் கட்டாதீர்கள். பழைய மைக்ரோடிக் இரண்டு வாங்கிக் கொடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று சொந்தக்காரர் வீட்டில். இரண்டையும் வயர்கார்ட் என்கிற விபிஎன் முறையில் இணைத்து மூன்று மாதம் அறாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். என்ன மாற்றினான், எப்போது, ஏன் என்று நோட்டில் எழுதுகிறானா என்று மட்டும் கவனியுங்கள். எழுதச் சலித்துக்கொண்டால் நீங்கள் நினைத்த படிப்பைப் பற்றியே மறுபடி பேசலாம் (அங்கேயும் எழுதத்தான் வேண்டும், அது வேறு விஷயம்!). எழுதினான் என்றால் சிஸ்கோ கம்பெனி நடத்துகிற சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் பரீட்சைக்குத் தயாராகட்டும், அந்தச் சான்றிதழ் 3 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். டிப்ளமா ஆசையும் இருந்தால் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். மெட்ரிக்கில் அவன் எடுத்தது மேத்தமேட்டிக்ஸா, மேத்தமேட்டிக்கல் லிட்டரசியா (அன்றாடத் தேவைக்கான எளிய கணக்கு) என்று அங்கே முதலில் பார்ப்பார்கள், நீங்கள் அதைச் சொல்லவே இல்லை.

அப்புறம், கம்பெனிக்காரர்களிடம் பரீட்சைப் பணம் யார் கட்டுவது, ராத்திரி போன் வந்தால் யார் எடுப்பது, தொலைதூரக் கிளைக்குப் போக வண்டி யாருடையது என்று பையனே கேட்கட்டும், நீங்கள் பேச வேண்டாம். வேலைக் கடிதம் வந்ததும் அந்த ராத்திரி டியூட்டி எழுதியிருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கையெழுத்துப் போடும்முன் பார்த்துச் சொல்கிறேன்.