கடன் வாங்கி ஆக்ஸ்ஃபோர்டா, சம்பளத்தோடு கோட்டிங்கனா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாஸ்டர்ஸ் முடித்த அதே ஆய்வகத்தில் பேராசிரியர் முனைவர் பட்டத்துக்கு 65 சதவீதச் சம்பளத்தில் பதவி தருகிறார். ஆக்ஸ்ஃபோர்டிலும் இடம் கிடைத்துவிட்டது, உதவித்தொகை மட்டும் இல்லை. மதுரையில் வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள்.

கோட்டிங்கனை எடுங்கள்.

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஆக்ஸ்ஃபோர்டில் அறிவியல் துறைகளில் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஆண்டுக் கட்டணமே 30 ஆயிரம் பவுண்டைத் தாண்டும். மூன்று வருடத்துக்குக் கட்டணம் மட்டும் நம் பணத்தில் ஒரு கோடியைத் தொடும். வாடகை, சாப்பாடு தனி. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், விசா காலம் முழுவதற்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இங்கே ஜெர்மனியில் நீங்கள் மாணவர் மட்டும் அல்ல, ஊழியர். இ13 என்ற சம்பள நிலையில் முழுப் பதவிக்கு 2025 கணக்கில் தொடக்கச் சம்பளம் மாதம் 4,600 யூரோவுக்குச் சற்று மேல். உங்கள் 65 சதவீதத்துக்குப் பிடித்தம் போகும் முன் 3,000 யூரோ அளவில் வரும். மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் அதிலேயே அடங்கிவிடும். 65 சதவீதம் என்றால் வேலையும் 65 சதவீதம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆய்வகத்தில் எல்லோரும் முழு நேரம்தான் நிற்பார்கள்.

கணக்கைவிட எனக்கு முக்கியம் வேறொன்று. 2009இல் நானும் பெயரைப் பார்த்துத்தான் போனேன். வேறொரு நாட்டில், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பல்கலைக்கழகம். வழிகாட்டி பெரிய மனிதர், பாதி மாதம் பயணத்தில் இருப்பார். ஐந்து மாதம் உழைத்து எடுத்த முதல் வரைபடத்தை, அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு விமானத்துக்குக் கிளம்பும்போது, லிஃப்ட் வரும் வரை கிடைத்த நேரத்தில் காட்டினேன். "நன்றாக இருக்கிறது, மின்னஞ்சலில் பேசலாம்" என்றார். கதவு மூடிக்கொண்டது. அந்த மின்னஞ்சல் வரவே இல்லை. ஒரு வருடத்தில் விட்டுவிட்டு கோட்டிங்கன் வந்தேன். இங்கே என் பேராசிரியர் வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, தவறான அளவீட்டைப் பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டுவார். அந்த ஒரு மணி நேரத்தால்தான் நான் ஆய்வாளர் ஆனேன். உங்கள் பேராசிரியரை உங்களுக்கு இரண்டு வருடமாகத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பவரை இரண்டு வீடியோ அழைப்பில்தான் பார்த்திருக்கிறீர்கள்.

விசா விஷயத்தையும் யோசியுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு போய் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் ஜெர்மனியின் சாதாரண வசிப்பு அனுமதி பொதுவாகக் காலாவதியாகிவிடும். இங்கேயே இருந்தால், ஜெர்மன் குடியுரிமைக்கு 2024 முதல் ஐந்து வருடம் இருந்தால் போதும் என்று ஆகியிருக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஊருக்குத் திரும்பினால் கோட்டிங்கன் எடுபடுமா என்ற பயமும் உங்கள் எழுத்தில் தெரிகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் இருந்தால் நெட் தகுதித் தேர்வு எழுதாமலே உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். கோட்டிங்கன் அதற்குள் வருகிறது. கணித மேதை காஸ் வேலை செய்த இடம் அது, தம்பி. கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் கிளாரண்டன் உதவித்தொகை உங்களுக்குக் கிடைத்திருந்தால் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பேன். ஏனென்றால் ஒரே ஆய்வகத்தில் மாஸ்டர்ஸும் முனைவர் பட்டமும் முடிப்பதில் ஒரு குறை உண்டு: ஒரே ஆளின் பார்வைதான் பழகும். அதற்கு வழி இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் பேராசிரியரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடம், நான்காம் வருடம் வந்தால் சம்பளம் எங்கிருந்து? உங்கள் வழிகாட்டுக் குழுவில் வேறு துறைக்காரர் ஒருவரைச் சேர்க்கலாமா? மூன்று மாதம் வேறு ஆய்வகத்தில் வேலை செய்ய அனுப்புவாரா? அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் இல்லாததால் சேர முடியவில்லை, இரண்டாம் வருடம் உங்கள் ஆய்வகத்துக்கு விருந்தினராக வரலாமா என்று நேரடியாகக் கேளுங்கள். இப்படிக் கேட்டுப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம், புரிகிறது. என் அப்பாவும் முதலில் ஒரு வாரம் பேசவில்லை. 2014இல் பட்டத் தேர்வு முடிந்த அன்று நண்பர்கள் என்னை அலங்கரித்த வண்டியில் உட்கார வைத்து, பழைய நகர மண்டபத்தின் முன்னால் நிற்கும் வாத்துக்காரப் பெண் சிலைக்கு இழுத்துப் போனார்கள். பட்டம் வாங்கியவர் மேலே ஏறிப் பூக்கொடுத்து அவள் கன்னத்தில் முத்தமிட வேண்டும், அது அந்த ஊர் வழக்கம். கீழே என் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நின்றார். அந்தப் படம்தான் இன்றைக்கும் திருநெல்வேலி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் எல்லாம் கோட்டிங்கன் எங்கே இருக்கிறது என்று அவரே விளக்குவார்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். ஜெர்மன் வாசகங்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.