எந்தக் கூடையில் போடுவீர்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மாவுக்கு,

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் என்னுடையது. அப்பாவுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம். இலையை ஊர் ஆலைக்குக் கொடுக்கிறார். நான் கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பெல்ட்டில் ஓடிவரும் குப்பையைக் கேமரா படம்பிடிக்கும், கணினி அதன் வகையைச் சொல்லும், இயந்திரக் கை எடுத்து உரிய கூடையில் போடும். இதுதான் என் தலைப்பு. ஆய்வறிக்கையின் முன்வரைவை இணைத்திருக்கிறேன்.

கழிவு என்பது அடிப்படையில் அடையாளம் காணும் சிக்கல்தான் என்பது என் கருத்து. அதைத் தீர்த்துவிட்டால் மற்றவை தாமாகத் தீரும். ஆனால் ஊரில் எல்லோரும் ‘இவ்வளவு படித்து குப்பை பொறுக்கவா’ என்கிறார்கள். பெங்களூரில் மென்பொருள் வேலை ஒன்றும் கிடைக்கும் போலிருக்கிறது. ஆய்வைத் தொடரலாமா? என் எந்திரம் வந்தால் குப்பை பிரிக்கும் பெண்களின் வேலை போய்விடுமே என்ற உறுத்தலும் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ப.

*

அன்புள்ள ப.,

வேலையை விடலாமா, படிப்பை விடலாமா என்று கேட்கும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், சில காலமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்களுடைய ஒரு வரி சரியாகத் தொட்டு, அதே வரியிலேயே தவறாகவும் முடித்துவிட்டது என்பதுதான். ஊர்ப் பேச்சை விடுங்கள். இலைக்கு விலை இல்லாத வருடத்தில் தோட்டத்தை விற்றுவிடு என்று சொல்பவர்களும், விற்றபின் ஏன் விற்றாய் என்று கேட்பவர்களும் ஒரே ஆட்கள்தான் என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும்.

முதலில் ஒன்று. நீங்கள் புதியது என்று நினைக்கும் எந்திரம் உங்கள் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆலையில் டிரையரைத் தாண்டிச் சல்லடை அறைக்குள் போய் நில்லுங்கள். அதிரும் தட்டில் நகர்ந்துபோகும் தேயிலைக்குச் சற்று மேலே பிவிசி உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும்; அவற்றின் மேல் ஃபெல்ட் துணி ஓயாமல் உரசுவதால் உருளையில் மின்னூட்டம் ஏறி, நாரும் குச்சித்துகளும் மட்டும் எழும்பி அதில் ஒட்டிக்கொள்ள, கறுத்த தூள் தன் வழியே போய்விடும். நொறுக்கிய பிளாஸ்டிக் துகள்களை ஒன்றோடொன்று உரசவிட்டு, ஒரு வகைக்கு நேர் மின்னூட்டமும் மறு வகைக்கு எதிர் மின்னூட்டமும் ஏற்றி, இரண்டு மின்தகடுகளுக்கு நடுவே விழச்செய்து பிரிக்கும் முறையும் இதே இயற்பியலில்தான் நடக்கிறது. பக்கத்திலேயே கலர் சார்ட்டர் நிற்கும். சரிந்த காடிகளில் இறங்கும் தேயிலையைக் கேமரா பார்க்கிறது. வெளிறிய குச்சி கண்ணில் பட்டதும் ஒரு சிறிய வால்வு திறந்து, அழுத்தக் காற்று அந்தத் துணுக்கை மட்டும் மறுபக்கம் தள்ளுகிறது. அந்த வால்வுகள் ‘டப் டப்’ என்று இடைவிடாமல் அடிக்கும் ஓசையில் மேஸ்திரி பேசுவது நம் காதில் விழாது. பெரிய கழிவு ஆலைகளில் பெட் (PET) என்னும் பாலியெஸ்டர் வகைப் பாட்டிலையும் பாலிஎதிலீன் டப்பாவையும் பிரிப்பது இதன் உடன்பிறப்புதான். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பதிலாக அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவே.

அதிலுள்ள குறைகளை நீங்களே முன்வரைவில் எழுதியிருக்கிறீர்கள். கரிப்பொடி கலந்த கறுப்பு பிளாஸ்டிக் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் எந்திரத்தின் கண்ணுக்குப் படுவதில்லை. பெட்டும் பிவிசியும் தண்ணீரில் சேர்ந்தே மூழ்குவதால் மிதக்கவிட்டுப் பிரிக்க முடியாது. பெட்டை உருக்கும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலவாயுவைக் கக்குவதால், மிகச் சிறிதளவு கலந்தாலும் சரக்கு பாழ். இவை நல்ல சிக்கல்கள். உழைத்தால் தீரும். இவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபம் வேறு இடத்தில். ‘அடையாளம் காணும் சிக்கல்’ என்று எழுதிய கையோடு எழுந்துபோய் உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் தேயிலைப் பொட்டலத்தை எடுத்து நீங்கள் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். வெளியே அச்சிட்ட பாலியெஸ்டர், பெரும்பாலும் 12 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் உள்ளே அலுமினிய ஆவி படியவைத்த இன்னொரு பாலியெஸ்டர்; அந்த அலுமினியம் அதைவிடப் பல மடங்கு மெல்லியது, நானோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். அதற்கும் உள்ளே, சூடுபட்டால் ஒட்டிக்கொள்ளும் பாலிஎதிலீன். இவற்றை ஒன்றாக இறுக்கிப் பிடித்திருப்பது இரண்டு மூன்று மைக்ரான் கனமுள்ள பாலியூரிதேன் பசை. உங்கள் கேமரா இந்தப் பொட்டலத்தை நூற்றுக்கு நூறு சரியாக அடையாளம் கண்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இயந்திரக் கையும் பிசகாமல் தூக்கிவிட்டது. அடுத்து எந்தக் கூடையில் போடுவீர்கள், தம்பி?

பாலிஎதிலீன் கூடையில் போட்டால், அது 110 முதல் 130 பாகைக்குள் உருகும்போது பாலியெஸ்டர் உருகாமல் துணுக்குத் துணுக்காக நிற்கும். பெட் கூடையில் போட்டால் 250 பாகைக்கு மேல் சூடேற்ற வேண்டும். இரண்டும் உருகினாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஆறியபின் கையால் ஒடிக்கக்கூடிய சரக்குதான் மிஞ்சும். அலுமினியத்தை மீட்கலாம் என்றால் அங்கே மீட்கும் அளவுக்கு உலோகமே இல்லை. ஆகவே மூன்றாவதாக ஒரு கூடை வைத்து, அதற்கு ‘இதர’ என்று பெயரிட்டு, உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தக் கூடைதான் இந்த மலையின் குப்பை. குன்னூர்க் குப்பையைப் பிரிக்கும் ஓட்டுப்பட்டறையில் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்த்தால் புரியும்.

இது பசையைப் பற்றிய சிக்கல் என்பதை எனக்குச் சொல்லாமல் சொன்னவர் என் சின்ன மாமா. உதகை இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்னும் அரசுப் படச்சுருள் ஆலையில் அவர் படலத்தின் மீது மருந்து பூசும் இருட்டறையில் வேலை பார்த்தார். வீட்டில் பழைய எக்ஸ்ரே படங்கள் சேர்ந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் கொதிநீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, எங்களைக் கிட்டே வரவேண்டாமென்று அதட்டிவிட்டு, ரப்பர் கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக அதில் அமிழ்த்துவார். பாட்டியின் விலா எலும்புகள் முதலில் ஓரத்தில் சுருங்கும். பிறகு சாம்பல் நிற ஏடு காய்ச்சிய பாலின் ஆடையைப் போல ஒட்டுமொத்தமாக வழுக்கி இறங்கும். அவர் கையில் மிஞ்சுவது லேசான நீலச் சாயலுள்ள, கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தகடு. ஜன்னலில் உடைந்த சட்டங்களுக்கெல்லாம் அதைத்தான் அடித்து வைத்திருந்தோம், கேத்திப் பள்ளத்தாக்கின் காற்று உள்ளே வராமலிருக்க. வாளியின் அடியில் தங்கிய கறுத்த சேற்றை அவர் பத்திரமாகச் சேர்த்து வைப்பார். அது வெள்ளி.

அந்தப் படலமும் பல அடுக்குதான். பாலியெஸ்டர், அதன் மேல் வெள்ளி உப்புத் துகள்கள், அவற்றைத் தாங்கிப் பிடிக்க எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுத்த ஜெலட்டின், கீறல் விழாதிருக்க மேலே மறுபடியும் ஜெலட்டின். ஆனாலும் ஒரு வாளி வெந்நீரில் பிரிந்துவிட்டது. பிரியவேண்டும் என்று யாரும் அதை அப்படிச் செய்யவில்லை. படத்தைத் துலங்கவைக்கும் டெவலப்பர் கரைசல் உள்ளே ஊறிப்போய் வெள்ளியைத் தொடவேண்டும் என்பதற்காக, நீரில் ஊறிப் பருக்கும் ஒரு பொருள் தேவைப்பட்டது. ஊறிப் பருக்கும் பொருள் கழலவும் செய்யும். இன்றும் ஸ்கேன் மையங்களில் பழைய படங்களைத் தேடி வாங்கிப்போகிறார்களே, ஒரு கிலோவில் சில கிராமே கிடைக்கும் வெள்ளிக்காக. பிரிக்கும் செலவு மிகக் குறைவு என்பதால்தான் அது கட்டுபடியாகிறது. சோடாவுக்குப் பதிலாக, புரதத்தைச் செரிக்கும் நொதிகளைக் கொண்டும் அந்த ஏட்டைக் கழற்ற முடியும்.

பொட்டலத்தின் பாலியூரிதேன் பசை இதற்கு நேர் எதிர். இரண்டு கூறுகளைக் கலந்து பூசி, சூடான அறையில் சுருளை ஓரிரு நாட்கள் வைத்திருந்தால், அதன் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு, அதன்பின் உருகவும் மாட்டா, எளிதில் கரையவும் மாட்டா. அது கழலவே கூடாது என்று கேட்டு வாங்கியது நாம்தான். மழைக்காலத்துக் குன்னூரில் தேயிலைத் தூள் ஈரத்தை இழுத்து வீணாகிவிடும் என்ற பயம் நியாயமானதும்கூட. ஆனால் அதே தேயிலை ஒரு காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டியில், உள்ளே அலுமினியத் தாள் விரித்து, ஓரத்தில் தகரம் அடித்து, கப்பலேறிப் போனது. அதைக் கழற்ற ஒரு குறடு போதும்.

சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றன. இரண்டு ஆண்டு முடியும் வேளையில், 2018-இல், அந்த வரியைத் திருத்தி, ஆற்றலாகவும் மீட்க முடியாத, வேறு பயனும் இல்லாத உறைகளுக்கே அது பொருந்தும் என்று ஆக்கிவிட்டார்கள். சிமென்ட் உலையில் எரிக்கலாம் என்றால் ஆற்றல் கிடைத்துவிட்டது, பயனும் வந்துவிட்டது, உறையும் தப்பித்துவிட்டது. உறையை விற்றவரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்று 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு வழிகாட்டுதலில் கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருக்கவேண்டும் என்றவர்கள், பல அடுக்கு உறைக்கு வந்ததும் அதே ஆண்டுக்கு 5 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுதியவர்களுக்கு விஷயம் தெரியும். மலையேறும் வழியில் குஞ்சப்பனையிலும் பர்லியாற்றிலும் உள்ள சோதனைச்சாவடிகளில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பறிமுதல் செய்யும் நாம், அதே வண்டியில் போகும் சிப்ஸ் உறையையும் ஷாம்பு சாஷேயையும் கண்டுகொள்வதில்லை.

பாட்டில் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 மே மாதம் நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். புல்வெளிகளில் கண்ணாடிச் சில்லு குறைந்தது. இதில் கேமரா எங்கே இருக்கிறது? கண்ணாடி ஒரே பொருள். கழுவினால் திரும்பப் போகும். கழுவி நிரப்பும் பாட்டில்களின் தாள் லேபிளை ஒட்டப் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையை உலகெங்கும் பயன்படுத்துவதும் இதனால்தான். ஐஸ் வாளியில் கழலாது, காஸ்டிக் சோடா கரைத்த சூடான நீரில் கழலும். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்த பசை.

உங்கள் முன்வரைவை முழுவதும் படித்தேன். படத்தைப் பார்த்து வகை சொல்லும் கணினி நிரலான நரம்பு வலைப்பின்னலின் அடுக்குகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறீர்கள், உறையின் அடுக்குகளுக்கு ஒரு பத்தி கூட இல்லை. பசை என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. 2018-இல் ஆப்பிள் நிறுவனம் காட்டிய டெய்சி என்ற எந்திரம் மணிக்கு 200 ஐபோன்களைப் பிரிக்கும் என்று வியந்து எழுதியிருக்கிறீர்கள். அது தன் வீட்டுப் போன்களை மட்டும், எந்தத் திருகு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தோடு பிரிக்கிறது என்பதை ஏன் எழுதவில்லை? செய்தவனே பிரிக்கிறான். அதனால்தான் முடிகிறது.

உற்பத்தி முறையை மேம்படுத்துவது என்று உங்கள் துறையில் சொல்கிறார்களே, அதன் கடினமான பகுதி இங்கேதான் இருக்கிறது. அடுக்குகள் எல்லாவற்றையும் பாலிஎதிலீனாகவே செய்து, இழுத்து விறைப்பேற்றி, பாலியெஸ்டரின் இடத்தில் வைக்கப் பார்க்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஒவ்வொரு அடுக்கையும் அதற்குரிய கரைப்பானில் முறைவைத்துக் கரைத்து மீட்டுக் காட்டினார்கள்; நல்ல வேலை, ஆனால் கரைப்பானை மறுபடி காய்ச்சி எடுக்கும் செலவு இருக்கிறது. எனக்கு ஆசை மூன்றாவது வழியில், பசையையே மாற்றுவதில். சூடான சோடா நீரில் விட்டுக்கொடுக்கும் பசை, மே மாதத்து மேட்டுப்பாளையம் கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் விட்டுக்கொடுக்கக் கூடாது. அடுக்குகளை ஒட்டிக்கொண்டே நிமிடத்துக்குச் சில நூறு மீட்டர் ஓடும் லேமினேஷன் எந்திரத்தின் வேகத்தையும் குறைக்கக் கூடாது. உணவுப் பொருளைத் தொடும் அடுக்கிற்குள் கசியவும் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்து ஒருவர் சாதித்துக் காட்டினால், உங்கள் இயந்திரக் கைக்குப் போட ஒரு கூடை கிடைக்கும்.

பெண்களின் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தேயிலை ஆலையில் குச்சி பொறுக்கிய பெண்கள் கலர் சார்ட்டர் வந்ததும் எங்கே போனார்கள் என்று உங்கள் ஊரிலேயே விசாரித்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும்: குப்பை பிரிப்பவர்கள் உறையைக் கசக்கி, காதருகே அதன் சலசலப்பைக் கேட்டே எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்லிவிடுகிறார்கள். உங்கள் எந்திரத்துக்குக் காது வைக்கும் எண்ணம் உண்டா?

பெங்களூர் வேலை உங்கள் வீட்டுக் கடனைப் பொறுத்தது. அதை எனக்கு எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். ஆய்வைத் தொடர்வதாக இருந்தால் கேமராவை விட்டுவிடாதீர்கள். அதன் வேலையை மாற்றுங்கள். அந்த ‘இதர’ கூடைக்குள் எந்த ஆலையின் எந்த உறை வாரத்துக்கு எத்தனை விழுகிறது என்று அது எண்ணட்டும். மனிதக் கை அந்தக் கணக்கை எடுக்கச் சலித்துக்கொள்ளும், உங்கள் எந்திரம் சலிக்காது. பட்டியல் கையில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு, உங்கள் அப்பா இலை கொடுக்கும் ஆலையின் மேலாளரிடம் முதலில் போங்கள். அவர்கள் தூளை எந்த உறையில் அடைக்கிறார்கள், சுருளை யாரிடம் வாங்குகிறார்கள், கிலோவுக்கு எவ்வளவு கூடினால் வேறு உறைக்கு மாறச் சம்மதிப்பார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.