மகளுக்கு ஆன்லைன் கல்லூரியா? முதலில் அந்த நாலு ரசீதைப் பாருங்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் அயர்ன் மாஸ்டர். இருவருக்கும் சேர்த்து மாதம் 34,000 வரும். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. காமர்ஸ் குரூப்பில் 512 மார்க் எடுத்திருக்கிறாள். செல்போன் கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார், "ஆன்லைனில் பி.பி.ஏ. சேர்த்துவிடுங்க அண்ணி. பகலில் என் கடையில் உட்காரட்டும், 9,000 தர்றேன். ஃபீஸ் தவணையை அதிலேயே கட்டிரலாம்" என்கிறார். வட்டியில்லாத் தவணை, இந்த வாரத்துக்குள் சேரணும் என்று தினமும் போன் வருகிறது. 2022-ல் அவர் கடைக்காக வைத்த அம்மா வீட்டில் எனக்குப் போட்ட ஆறு பவுன் நகையும் இன்னும் அடகில்தான் இருக்கிறது. ரசீதுகளை இணைத்திருக்கிறேன். ஆன்லைன் சரிவருமா?

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை விட அந்த நாலு ரசீதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2022 ஏப்ரல்: 1,60,000. அடுத்த வருடம் 1,88,800. அதற்கடுத்து 2,22,800. இந்த ஏப்ரலில் 2,62,900. நடுவில் ஒரு ரூபாய்கூட நீங்கள் புதிதாக வாங்கவில்லை. வருடம் முடிந்ததும் வட்டி கட்டப் பணமில்லாமல், வட்டியையும் அசலோடு சேர்த்து அதே நகையை மாற்றி வைத்திருக்கிறீர்கள். தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் அடகுக் கடைக்காரரும் மறுக்கவில்லை. 18 சதவீதத்தில் இந்த வருடம் மட்டும் வட்டி 47,000-ஐத் தாண்டும். மாதம் ஏறக்குறைய 3,900.

உங்கள் வீட்டில் பணம் ஒழுகும் இடம் இதுதான். இதை அடைக்காமல் மகளின் படிப்பைச் சுருக்கப் பார்க்கிறீர்கள்.

திருப்பூரிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் பி.காம். படிக்கக் கல்விக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் வருடத்துக்குச் சில ஆயிரங்கள்தான். அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 அவள் கணக்குக்கே வரும். மூன்று வருடத்தில் 36,000. அஞ்சல் வழி, தொலைதூரக் கல்விக்கு அந்தப் பணம் கிடையாது. புத்தகம், துணிமணி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும், மூன்று வருடப் படிப்புச் செலவு உங்கள் நகைக் கடனில் ஏறும் ஒரு வருட வட்டிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, அந்த ஆன்லைன் கணக்கையும் பார்த்துவிடுவோம். மொத்தமாகக் கட்டினால் 1,32,000, தவணையில் மாதம் 6,250 வீதம் 24 மாதம் என்று அந்த ஆன்லைன் படிப்புக்காரர்கள் அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. பெருக்கினால் 1,50,000. கூடுதல் 18,000-க்கு வட்டி என்று பெயர் போடவில்லை, அவ்வளவுதான். கணக்குப் போட்டால் சுமார் 13 சதவீதம் வருகிறது. பிராசஸிங் கட்டணம் தனி. பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இன்னொன்று, இந்தத் தவணை பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் ஃபீஸ் அல்ல. ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் வாங்கும் கடன். ஆறு மாதத்தில் பிடிக்காமல் மகள் நிறுத்தினாலும் தவணை நிற்காது. "இந்த வாரத்துக்குள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அதற்காகவே கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆன்லைன் பட்டமே செல்லாது என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அங்கீகரித்த ஆன்லைன் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-ல் யுஜிசியே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில், முதலில் நாலு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். பரீட்சையை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணச் சலுகையும் தருகிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தையோடு வெளியே போக முடியாத பெண்களுக்கும் ஆன்லைன் பெரிய வாசல். ஆனால் பஸ் ஏறினால் கல்லூரி, வயது பதினேழு, 512 மார்க். இந்தப் பெண்ணை ரீசார்ஜ் கவுன்டரில் உட்காரவைத்து, வாடிக்கையாளர் வராத நேரத்தில் செல்போனில் பாடம் கேட்கச் சொல்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

அந்த 9,000 யாருடைய பணம் என்றும் யோசியுங்கள். உங்கள் நகைக்கு மூன்று வருடமாக ஒரு மாத வட்டிகூடத் தராதவர், உங்கள் மகளின் முழுநாள் வேலைக்குச் சம்பளமாகத் தருகிறார். அதில் 6,250 தவணைக்குப் போய்விடும். அவர் தர வேண்டிய கடனைப் பற்றி அப்புறம் யாரும் பேசப்போவதில்லை.

நான் சொல்வது உங்களுக்கு வலிக்கும். அம்மா வீட்டில் போட்ட நகை என்று எழுதியிருந்தீர்கள். அதில் நாலு பவுனை விற்றால் இன்றைய விலையில் இந்தக் கடன் முழுதாக அடைபடும்; இரண்டு பவுன் வீட்டுக்குத் திரும்பும். இன்னொரு தடவை மாற்றி வைத்தால் அடுத்த ஏப்ரலில் 3,10,000. தங்கம் கொஞ்சம் இறங்கினால் ஏலத்தில் ஆறும் போய்விடும். விற்பதற்கு முன் அடகுக் கடைக்காரரிடம் இன்றைய தேதிக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொழுந்தனாரிடம் சண்டை வேண்டாம். கைமாற்றுக் கடனைக் கேட்டு கோர்ட்டுக்குப் போகப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. 2022 ஏப்ரலில் கொடுத்ததற்கு அது ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஆனாலும் இன்ன தொகையைத் திருப்பித் தருகிறேன் என்று அவரே இப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புதிதாகச் செல்லும். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி 2,62,900-க்குப் புரோநோட் எழுதி வாங்குங்கள். மாதம் 5,000 தந்தாலும் நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் கணவர்தான் இதைக் கேட்க வேண்டும், தம்பியிடம் அண்ணனாக.

அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைச் சம்பளம் வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்டணம் சின்னத் தொகைதான். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே மகளோடு போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.