பிரபுவுக்கு ஓர் ஆடு போதுமா?

அன்புள்ள ஐயா,

பைபிளில் லேவியராகமம் என்ற நூலின் 4ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பாவநிவாரண பலியாக ஆசாரியன் ஒரு காளையையும், ஜனத்தின் தலைவனான பிரபு ஒரு வெள்ளாட்டுக் கடாவையும் கொடுத்தால் போதுமாம். மந்தை மந்தையாக ஆடு வைத்திருப்பவனுக்கு ஓர் ஆடு ஒரு பொருட்டா? பெரியவர்கள் மலிவாகத் தப்பிக்கத் தாங்களே எழுதிக்கொண்ட சட்டமாகவே எனக்குப் படுகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விலையை விட்டுவிட்டு, இரத்தம் எதுவரை போகிறது என்று பாருங்கள். சாதாரண மனிதனின் பலியானாலும் பிரபுவின் பலியானாலும், இரத்தம் வெளியே உள்ள தகனபலிபீடத்தோடு நின்றுவிடுகிறது. அபிஷேகம் பெற்ற ஆசாரியன் தவறினால் அது வழிபாட்டுக் கூடாரத்துக்குள்ளேயே போகிறது. திரைக்கு எதிரே ஏழுமுறை தெளிக்கிறார்கள். தூபபீடத்தின் கொம்புகளில் பூசுகிறார்கள். இஸ்ரவேல் சபை முழுவதும் தவறினாலும் இதே காளை, இதே முறைதான். ஒரே ஆளின் பிழை ஒரு ஜனத்தின் பிழைக்குச் சமமாக நிறுக்கப்படுகிறது! அந்த இரத்தம் சுத்திகரிப்பது மனிதனை அல்ல, பரிசுத்த ஸ்தலத்தையே என்றார் ஜேக்கப் மில்க்ரோம் என்ற அறிஞர். பதவி உயர உயரக் கறை உள்ளே ஊடுருவுகிறது. எனக்கு இந்த விளக்கம் முழுக்க ஏற்புடையது.

இறைச்சியைப் பற்றிய விதி இன்னும் கூர்மையானது. பிரபுவோ சாதாரண மனிதனோ கொடுக்கும் பாவநிவாரண பலியின் இறைச்சி ஆசாரியனுக்கு உரியது. தன் பாவத்துக்கான காளையிலோ அவனுக்கு ஒரு துண்டும் கிடையாது. தோல், தலை, தொடை, குடல் எல்லாம் பாளயத்துக்குப் புறம்பே சாம்பல் கொட்டும் இடத்தில் எரிக்கப்பட வேண்டும். நடைமுறையில் ஆசாரியர்கள் ஒழுங்காக இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஜனத்தின் பாவத்தைத் தின்று பிழைக்கிறார்கள் என்று ஓசியா தீர்க்கதரிசியே கொதிக்கிறார்.

பிரபுவும் தன் கையைக் கடாவின் தலைமேல் வைத்தாக வேண்டும். தலைவனே தன் தவறுக்குப் பலி கொண்டுவரும் தலைமுறை பாக்கியமுள்ளது என்று யோகனான் பென் சக்காய் என்ற ரபி சொன்னதாக யூதர்களின் நூலான தல்மூத் கூறுகிறது.

நீங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. இந்தப் பலிகள் அறியாமல் செய்த தவறுகளுக்கானவை. துணிகரமாகச் செய்தவனுக்கு எண்ணாகமம் 15 எந்தப் பலியையும் சொல்லவில்லை. அவன் ஜனத்திலிருந்து அறுப்புண்டுபோக வேண்டும். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகக்கொடுத்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஆடு கேட்கவில்லை. “நீயே அந்த மனுஷன்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். தாவீது பாவத்தை ஒப்புக்கொண்டான், உயிர் தப்பினான். ஆனால் பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகாது என்ற தீர்ப்பு மாறவில்லை.