நம்பிராட்டியார் முதல் அம்மச்சி வரை: அரசகுலப் பெண்களை அழைத்த விதம்

சோழ அரசியர் எல்லாருமே ஏதோ ஒரு ‘மாதேவி’யாக இருக்கிறார்களே, ஏன்?

அவை பட்டங்கள். திருவையாற்றில் வடகயிலாயம் என்ற கோயிலைக் கட்டிய ராஜராஜனின் தேவியைக் கல்வெட்டு ‘நம்பிராட்டியார் தந்திசக்தி விடங்கியார் ஆன ஒலோகமாதேவியார்’ என்கிறது. ‘நம்பிராட்டியார்’ என்றால் நம் அரசியார். ‘ஆன’வுக்கு முன்னால் இருப்பது சொந்தப் பெயர், பின்னால் வருவது பட்டம். பட்டத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு கட்டினால் வம்புதான்: ராஜராஜனைப் பெற்றவரும் வானவன் மாதேவி, ராஜேந்திரனைப் பெற்றவரும் வானவன் மாதேவி!

குந்தவை சைவக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்தவர். அவரை ஏன் ‘ஆழ்வார்’ என்று வெட்டி வைத்திருக்கிறார்கள்?

அந்தக் காலத்தில் ‘ஆழ்வார்’ வைணவ அடியாருக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொல் இல்லை. பெருமதிப்புக்குரிய அரசகுலத்தாருக்கும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் பெயர் வரும் வரியை நிறுத்திப் படியுங்கள்: ‘ஸ்ரீராஜராஜதேவர் திருத்தமக்கையார், வல்லவரையர் வந்தியதேவர் மஹாதேவியார், ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார்’. முதலில் தம்பி, அப்புறம் கணவர், பிறகு அப்பா (சுந்தர சோழருக்குப் பராந்தகன் என்றும் பெயர்), கடைசியில்தான் அவர். கணவரை முந்திக்கொண்டு தம்பி வருவதுதான் இதில் ருசி. இந்த வரிசையில் அவருடைய அந்தஸ்து தெரிகிறது.

அதே கோயிலில் ராஜராஜன் தன் அரசியரைப் ‘பெண்டுகள்’ என்கிறானே, மரியாதை இல்லையா?

‘நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்ற வரியைச் சொல்கிறீர்கள். இன்றைய காதில்தான் அது உரசுகிறது. புறநானூற்றில் பாடிய பாண்டிய அரசிக்கே ‘பெருங்கோப்பெண்டு’ என்றுதான் பெயர்.

வேலு நாச்சியார் என்பதில் ‘நாச்சியார்’ பெயரா, பட்டமா?

தலைவி என்று பொருள்படும் மரியாதைச் சொல். கோயிலில் தாயாருக்கும் ஆண்டாளுக்கும் வழங்குவது, சேதுச் சீமையிலும் (ராமநாதபுரம்) சிவகங்கையிலும் அரசகுலப் பெண்களுக்கும் வழங்கியது. அதனால் ‘ராணி வேலு நாச்சியார்’ என்றால் மரியாதை இரட்டிப்பு. தவறில்லை.

எங்கள் ஊர் நாகர்கோவில். திருவிதாங்கூர் மகாராஜாவின் மனைவியை ஏன் யாரும் மகாராணி என்பதில்லை?

அங்கே மருமக்கள்தாயம். அரசுரிமை சகோதரியின் பிள்ளைக்குப் போனது, ஆகவே ராணிப் பட்டமும் அரச வம்சத்தில் பிறந்த பெண்ணுக்குத்தான். அரசரின் மனைவி ‘அம்மச்சி’, ‘பனப்பிள்ளை அம்மா’. அவர்களுடைய பிள்ளைகள் ‘தம்பி’, ‘தங்கச்சி’. அம்மவீடுகள் என்ற அந்தக் குடும்பங்களில் உங்கள் நாகர்கோவிலும், வடசேரி, திருவட்டாறு, அருமனையும் உண்டு.

‘அனுக்கியார்’ என்பது ஆசைநாயகியைக் குறிக்கும் சொல்தானே?

அணுக்கமானவர் என்பதுதான் சொல்லின் பொருள். தேவி, பிராட்டி என்ற பட்டம் அவருக்கு இல்லை, உண்மைதான். அதற்காக இழிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராஜேந்திரனின் அனுக்கியார் பரவை நங்கையாரைத் திருவாரூர்க் கல்வெட்டு ‘நங்கையார்’ என்றே மதிப்போடு சொல்கிறது. அரசனும் அவரும் சேர்ந்து நின்று கும்பிட்ட இடம் தெரிய, அங்கே ஒரு குத்துவிளக்கும் வைத்தார்கள்.