வீட்டுக்கு வந்த தீர்மானப் புத்தகம்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் தலைவரும் செயலரும் வைத்ததே சட்டம். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு மூன்றாண்டுகளாக அலைகிறேன். அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் போகவில்லை. புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார்கள், மனைவிக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன். இங்கே ஜனநாயகம் இருக்கிறதா?

பதில்: தலைவரையும் செயலரையும் பற்றிய இதே குறைகளைப் பல கடிதங்களில் படித்திருக்கிறேன், உங்கள் குறையும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ‘மனைவிக்கும் சேர்த்து நானே’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன்படி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு அதில் கிடையாது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கை நிரம்பாதபோதுதான் பெரும்பாலும் புத்தகம் வீடு தேடி வருகிறது. சபைக்கு வராத இருவரை வந்தவர்களாகக் காட்டி, நீங்கள் யாரைக் குறை சொல்கிறீர்களோ அவர்களுடைய கூட்டத்துக்கு நீங்களே ஆள்கணக்குச் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் என்ன தீர்மானம் எழுதியிருந்தது? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் தெருவுக்கு வரவேண்டிய குழாய் வேறிடத்துக்குப் போவதாக அதில் இருந்திருந்தால், அதற்கும் உங்கள் வீட்டின் இரண்டு கையெழுத்துகள் சாட்சி.

குழாய் இல்லாத தெருவில் குடம் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். தண்ணீரைப் பற்றி உங்களைவிட அதிகம் பேச உரிமையுள்ளவரின் பெயரை அவரைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டு, தலைவர் உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கிறார் என்று வருந்துகிறீர்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் முடிவெடுக்க மற்றவர்கள் தலையாட்டும் வீட்டிலிருந்து சபைக்கு வருபவர், அங்கேயும் ஒன்று அதட்டுவார், இல்லையேல் அடங்கிப் போவார் என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில் மனைவியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். நவம்பர் 1 அன்று சபை மீண்டும் கூடும். தவறினால் ஜனவரி 26. குழாய்க்கான மனுவை இருவரும் கையொப்பமிட்டு எழுத்தில் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தை வாசித்து முடித்த பிறகே கையெழுத்திடுங்கள். அதற்குப் பிறகும் புத்தகம் வீட்டுக்கு வந்தால் நீங்கள் உங்களுக்காக மட்டும் மறுத்துவிட்டு, உங்கள் மனைவி தமக்கான பதிலைத் தாமே சொல்லும்வரை பேசாமல் இருங்கள்.